இறால் வேகவைத்த தண்ணீர்

அன்று காலை அடுப்பில் இரண்டு பாத்திரங்கள் இருந்தன. ஒன்றில் வீட்டுக்கான சாம்பார். மற்றதில் உப்பு, மஞ்சள், மிளகாய் எதுவும் இல்லாமல் ஐந்தாறு இறால் வெந்துகொண்டிருந்தது. அத்தைக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. "ஒரு சிட்டிகை மஞ்சளாவது போடு தாயி, கவிச்சி அடிக்கும்லா" என்றார். "டாக்டர் எதுவுமே போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க அத்தை" என்றேன். வெந்ததும் இறாலை எடுத்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டப் போனவரின் கையைப் பிடித்துத் தடுத்தேன். அந்தத் தண்ணீரும் வேண்டும்.

மூன்று சின்ன டப்பாக்கள். பச்சை இறால் ஒன்றில், வெந்த இறால் ஒன்றில், வேகவைத்த தண்ணீர் ஒன்றில். ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி. மூடியில் பிளாஸ்திரி ஒட்டி எழுதினேன்: என்ன இறால், என்றைக்கு வாங்கியது, எத்தனை நிமிடம் வெந்தது, எவ்வளவு தண்ணீர் விட்டது. ஐஸ் பையில் வைத்துக்கொண்டு, எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பினேன். நான் வேலை பார்ப்பது ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில். மாதிரி எடுப்பது, விவரம் எழுதுவது, குளிர் குறையாமல் அனுப்புவது எல்லாம் எனக்குத் தினசரி வேலை. என் பிள்ளைக்காக மாதிரி எடுத்தது அன்றுதான்.

அதற்கு ஆறு மாதம் முன்பு ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் அவள் இறால் தொக்கு சாப்பிட்டாள். இருபது நிமிடத்துக்குள் உதடு வீங்கி, கழுத்து முழுக்கத் தடிப்பு எழும்பி, இருமல் தொடங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த மருத்துவமனையில் ஊசி போட்டு அடங்கியது. பிறகு ஓர் இடத்தில் தோல் பரிசோதனை செய்தார்கள். பாட்டிலில் வரும் இறால் சாற்றை ஒரு சொட்டு கையில் வைத்து லேசாகக் குத்திப் பார்த்தார்கள். தடிப்பு வரவில்லை. "இறால் அலர்ஜி இல்லை, அன்னைக்கு வேற ஏதாவது சேராம இருந்திருக்கும்" என்று சொல்லி அனுப்பினார்கள். நம்பினோம். இரண்டு மாதம் கழித்து வீட்டில் இரண்டே இரண்டு இறால் சாப்பிட்டாள். முதல் தடவையைவிட மோசமாக வந்தது. ஆட்டோவில் அவள் மூச்சு விசிலடிப்பதைக் கேட்டுக்கொண்டே போன அந்த இரவை நான் மறக்க மாட்டேன்.

அதன் பிறகு பல நாள் ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அந்த பாட்டிலில் என்ன இருந்தது? எத்தனை மில்லிகிராம் இருந்தது? வேலையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டில் கடலைத் தூசி இருக்கிறதா என்று பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை தேடிப் பார்க்கிறவள் நான். என் மகளின் கையில் வைத்த சொட்டில் இறால் புரதம் போதுமான அளவு இருந்ததா என்று கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர்தான் அதைக் கேட்டார். "வீட்ல நீங்க வாங்கற இறாலையே கொண்டு வாங்க. பச்சையா கொஞ்சம், வேகவெச்சு கொஞ்சம், அந்தத் தண்ணியும் கொஞ்சம்." ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரை, சளி சிரப் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லியிருந்தார். அவை உடம்பில் இருந்தால் தடிப்பு எழும்பாது.

மகளின் முன்கையின் உள்பக்கத்தில் பேனாவால் ஆறு கோடுகள் போட்டார்கள். மேலே முதல் கோட்டில் ஹிஸ்டமின் சொட்டு. எல்லோருக்கும் தடிக்க வேண்டியது, அது தடித்தால்தான் பரிசோதனையே செல்லும். கடைசியில் வெறும் உப்புநீர். யாருக்கும் தடிக்கக் கூடாதது. நடுவில் நான்கு: பாட்டில் சாறு, பச்சை இறால், வெந்த இறால், வேகவைத்த தண்ணீர். இறால் சதைக்குள் சிறு ஊசியைக் குத்தி எடுத்து, அதே ஊசியால் தோலில் லேசாக ஒரு குத்து. ரத்தம் வராது. தண்ணீருக்கு ஒரு சொட்டு வைத்து அதன் வழியாகக் குத்தினார்கள். கடுமையாக ஏதாவது வந்தால் உடனே போட வேண்டிய அட்ரினலின் ஊசி பக்கத்துத் தட்டில் தயாராக இருந்தது. பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும், சொறியக் கூடாது. மகள் மறுகையால் என் விரலைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

ஐந்தாவது நிமிடத்திலேயே தண்ணீர் வைத்த இடம் கொசு கடித்தது போலச் சிவந்து உயர ஆரம்பித்தது. பதினைந்து நிமிடம் ஆனதும் டாக்டர் ஒவ்வொரு தடிப்பையும் சுற்றி மெல்லிய பேனாவால் வரைந்தார். மேலே செல்லோடேப்பை ஒட்டி உரித்தார். மை டேப்பில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை அப்படியே ஃபைலில் ஒட்டி, ஸ்கேலால் அளந்தார். ஹிஸ்டமின் 5 மில்லிமீட்டர். பாட்டில் சாறு 2. பச்சை இறால் 4. வெந்த இறால் 7. வேகவைத்த தண்ணீர் 9. உப்புநீருக்கு எதுவும் இல்லை. உப்புநீரைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால் பாசிட்டிவ் என்பது வழக்கமான கணக்கு. அந்தக் கணக்கின்படி அதே கையில், அதே நாளில், பாட்டில் "இல்லை" என்றது, அத்தை கொட்டப் போன தண்ணீர் "இருக்கிறது" என்றது.

தடிப்பு வந்தாலே நோய் என்று ஆகிவிடாது. வீட்டுத் தூசியில் இருக்கும் நுண்ணுண்ணிக்கும் கரப்பானுக்கும் இறாலோடு உறவுள்ள புரதம் உண்டு. தூசி அலர்ஜி இருக்கிற ஒருவருக்கு இறாலைத் தொட்டுக் குத்தினால் தடிக்கலாம், ஆனால் இறால் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். என் மகளுக்கோ இரண்டு தடவை சாப்பிட்டு இரண்டு தடவையும் வந்த கதை கையில் இருந்தது. கதையும் தடிப்பும் பொருந்தியதால் டாக்டர் உறுதியாகச் சொன்னார். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் ஊசியால் குத்திப் பார்க்க வேண்டாம். சிலருக்கு அந்தச் சிறு குத்தே உடம்பு முழுக்கப் பரவும்.

சரி, தண்ணீரில் அப்படி என்ன இருந்தது? இதற்கான பதில் நமக்குப் பக்கத்தில் பெங்களூரில் கண்டுபிடிக்கப்பட்டது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. இந்திய அறிவியல் கழகத்தில் பி.வி. சுப்பாராவ் குழுவினர் பெனேயஸ் இண்டிகஸ் என்ற நம் வெள்ளை இறாலை எடுத்துக்கொண்டு, வெந்தும் வீரியம் குறையாத ஒவ்வாமைப் புரதங்களைப் பிரித்து 1989ல் வெளியிட்டார்கள். 1993ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த டீன் மெட்கால்ஃப் போன்றவர்களோடு சேர்ந்து, அந்த முக்கியப் புரதம் டிரோப்போமயோசின் என்று காட்டினார்கள். அது தசையில் இருக்கும் புரதம். இரண்டு இழைகளை முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். சூடாக்கினால் முறுக்கு அவிழும், ஆறினால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். பச்சைத் தசையில் மற்ற இழைகளோடு பிணைந்து கிடப்பது, வெந்தால் தண்ணீரில் இறங்கிவிடும். இறாலில் வேறு சில ஒவ்வாமைப் புரதங்கள் சூட்டில் கெட்டுப்போகிறவை, அதனால்தான் டாக்டர் பச்சையாகவும் கொஞ்சம் கேட்டார்.

பாட்டில் விஷயத்துக்கு வருகிறேன். தோல் பரிசோதனைக்கான உணவுச் சாறுகள் எப்படித் தயாராகின்றன என்பது பலருக்குத் தெரியாது. உணவை அரைத்து, கொழுப்பை நீக்கி, உப்புக் கரைசலில் ஊறவைத்து, வடிகட்டி, கெடாமலிருக்க கிளிசரின் சேர்ப்பார்கள். பாட்டில் மேல் 1:10, 1:20 என்று போட்டிருக்கும். இத்தனை கிராம் உணவை இத்தனை மில்லி கரைசலில் ஊறவைத்தோம் என்பதுதான் அதற்கு அர்த்தம். ஃபில்டரில் எத்தனை ஸ்பூன் காப்பித்தூள் போட்டேன் என்று ஒருவர் சொன்னால், டிகாக்ஷன் எவ்வளவு திடமாக இறங்கியது என்று நமக்குத் தெரியுமா? தூள் பழசா புதுசா, வெந்நீர் கொதித்ததா, எவ்வளவு நேரம் இறங்கியது என்பதையெல்லாம் பொறுத்தது அது. சாறும் அப்படித்தான். அமெரிக்காவில் அரசின் அளவுகோலுக்குள் வீரியம் நிர்ணயித்து விற்கப்படும் ஒவ்வாமைச் சாறுகள் 19. பூனை, தூசியுண்ணி, புற்கள், ரேக்வீட் என்ற களைச்செடி, குளவி விஷம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. உணவு ஒன்றுகூட இல்லை. எவ்வளவு காலமாக உணவு அலர்ஜிக்கு ஊசி குத்திப் பார்க்கிறார்கள் என்று நினைத்தால் இது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆப்பிள் இன்னும் நல்ல உதாரணம். ஐரோப்பாவில் பிர்ச் மரத்தின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாத பலருக்கு ஆப்பிள் கடித்தால் வாய் அரிக்கும். ஆனால் ஆப்பிள் சாற்று பாட்டிலில் பரிசோதித்தால் பல நேரம் ஒன்றும் வராது. ஆப்பிளை நறுக்கினால் பழுப்பாகிறதே, அதே வேதிவினை அந்தப் புரதத்தையும் கெடுத்துவிடுகிறது. ஸ்வீடனில் டிரெபோர்க், ஃபூகார்ட் என்ற இருவர் 1983ல் பழத்தையே குத்தி அதே ஊசியால் தோலைக் குத்தும் முறையை விவரித்தார்கள். என் மகளுக்குச் செய்ததும் அந்த முறைதான்.

எதைக் கொடுத்துச் சோதிக்கிறோம், எப்படிச் சமைத்து என்ற கேள்வி உணவு அலர்ஜி ஆராய்ச்சியின் தொட்டிலிலேயே இருக்கிறது. இன்று போலந்தில் விரோட்ஸ்வாஃப் என்றும் அன்று ஜெர்மனியில் பிரெஸ்லாவ் என்றும் அழைக்கப்பட்ட ஊரில், 1921ல் கார்ல் பிராஸ்னிட்ஸ், ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்ற இரண்டு மருத்துவர்கள். கூஸ்ட்னருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. அவர் ரத்தத்தின் சீரத்தை பிராஸ்னிட்ஸ் தன் தோலுக்குள் செலுத்திக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார். தடித்தது. ரத்தத்தில் ஏதோ ஒன்று இந்த வேலையைச் செய்கிறது என்று அன்று தெரிந்தது. அது ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் என்று 1960களின் பிற்பகுதியில்தான் தெளிந்தது. இதில் பலர் கவனிக்காத ஒரு விவரம் உண்டு: கூஸ்ட்னருக்கு ஆகாதது சமைத்த மீன். பச்சை மீன் சாற்றை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் அந்தக் கண்டுபிடிப்பு அன்று நடந்திருக்காது.

என் மேஜைக்கு வருகிறேன். ஓர் உணவில் எவ்வளவு ஒவ்வாமைப் புரதம் இருக்கிறது என்று எப்படி அளப்பது? மிகப் பழைய வழி, மொத்தப் புரதத்தை அளப்பது. டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் ஜோகன் கெல்டால் 1883ல் சொன்ன முறை இன்றும் நடக்கிறது. உணவைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவிட்டு, அதில் உள்ள நைட்ரஜனை அளந்து, ஒரு எண்ணால் பெருக்குவார்கள். பொதுவாக 6.25, பாலுக்கு 6.38, வேர்க்கடலைக்கு 5.46. கடலைக்குப் பொது எண்ணைப் போட்டால் புரதம் 14 சதவீதம் கூடுதலாகத் தெரியும். இந்த முறைக்கு நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. 2008ல் சீனாவில் பாலில் நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்து ஏமாற்றியதும் இந்த ஓட்டை வழியாகத்தான். எந்தப் புரதம் எத்தனை என்பதும் இதற்குத் தெரியாது. முட்டை வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கு மேல் ஓவால்புமின். சூட்டுக்கு அசையாத ஓவோமியூக்காய்டு பதினொரு சதவீதம்தான். நன்றாக வெந்த முட்டையும் சேராத குழந்தைகளின் விஷயத்தில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது அந்தப் பதினொன்றைத்தான்.

ஆகவே எலைசா என்ற பரிசோதனை. 96 குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு, கை அகலம் இருக்கும். ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கும். மாதிரியை ஊற்றி, கழுவி, நொதி கோத்த இரண்டாவது எதிர்ப்பொருளை ஊற்றி, மறுபடி கழுவி, நிறம் தரும் கரைசலை விடுவோம். புரதம் இருக்கிற குழிகள் நீலமாகும். அமிலம் விட்டதும் நீலம் சட்டென்று மஞ்சளாக மாறும். எத்தனை வருடம் பார்த்தாலும் அந்த நொடி எனக்கு அலுத்ததில்லை. மஞ்சளின் அடர்த்தியை இயந்திரம் படித்து, தெரிந்த அளவுகளோடு ஒப்பிட்டு எண்ணைச் சொல்லும்.

மகளின் பரிசோதனைக்குப் பிறகு, டப்பாவில் மிச்சமிருந்த தண்ணீரைக் கூடத்துக்குக் கொண்டுபோய், மேலதிகாரியிடம் கேட்டு, ஒரு தட்டின் ஓரத்தில் காலியாக இருந்த குழிகளில் ஓட்டினேன். ஆயிரம் மடங்கு நீர்த்தும் இயந்திரம் படிக்க முடியாத அளவுக்கு மஞ்சள். இன்னும் பத்து மடங்கு நீர்த்தேன். அப்போதும் அடர்த்தி. அந்தத் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஆட்டோவில் என் மடியில் கிடந்த பிள்ளையின் வயிற்றுக்குள் போனது இது.

இந்த முறையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. குழியில் பிடிபடுவது கரைசலுக்குள் வந்த புரதம் மட்டும். புளியும் மசாலாவும் சேர்ந்த தொக்கிலிருந்து புரதம் லேசில் வெளியே வராது. பொரித்தது, பேக் செய்தது என்றால் புரதங்கள் ஒன்றோடொன்று இறுகிக் கரையாமல் கிடக்கும். எண் குறைவாக வரும், ஆனால் சாப்பிடுகிற குழந்தைக்குக் குறைவாகப் போகிறது என்று அர்த்தம் இல்லை. இறாலில் இன்னொரு சிக்கல்: டிரோப்போமயோசினைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களில் சில, பச்சை இறாலைவிட வெந்த இறாலில் அதிகம் ஒட்டும். ஒரு நிறுவனத்தின் கிட்டில் "ஓட்டு மீன் புரதம்" (இறால், நண்டு வகைகளின் புரதம்) என்று அளவு வரும், இன்னொன்றில் "டிரோப்போமயோசின்" என்று வரும். ஒரே மாதிரியை இரண்டிலும் ஓட்டினால் இரண்டு எண். எந்த எண் என்று கேட்காமல் அறிக்கையைக் கையில் வாங்கக் கூடாது. நிறைநிறமாலை முறை வந்த பிறகு புரதத்தைத் துண்டாக்கி அந்தத் துண்டுகளின் எடையை வைத்தே எண்ண முடிகிறது, மடிப்பு குலைந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் அதற்கும் புரதம் முதலில் கரைந்து வெளியே வர வேண்டும்.

இறால் விஷயம் தெளிவானதும் மீன் பிரச்சினை வந்தது. அந்த இரண்டு சம்பவங்களுக்குப் பிறகு வீட்டில் யாரோ சொல்ல, "கடல் சாமான் எதுவுமே வேண்டாம்" என்று மீனையும் நிறுத்தியிருந்தோம். கடற்கரை ஊரில், மீன் இல்லாத ஞாயிறு தெரியாத வீட்டில், அவளுக்கு மட்டும் முட்டை. மீனின் முக்கிய ஒவ்வாமைப் புரதம் வேறு, பார்வால்புமின். நார்வேயில் எல்சயத், ஆஸ் என்ற ஆய்வாளர்கள் காட் மீனிலிருந்து பிரித்தெடுத்து விவரித்தது. இறாலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் மகளுக்கு மீனைக் குத்திப் பார்த்தபோது சரியாக எல்லையில் நிற்கும் 3 மில்லிமீட்டரில் ஒரு தடிப்பு வந்தது. உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

"நடுவுல ஒரு தடவை சூரை குடுத்தேன் டாக்டர், ஒண்ணும் ஆகலை" என்று அத்தை குற்ற உணர்வோடு சொன்னார். டாக்டர் கோபப்படவில்லை. "சூரை வெச்சு முடிவு பண்ண முடியாதும்மா" என்றார். பார்வால்புமின் மீனுக்கு மீன் அவ்வளவு மாறுகிறது. சூரை வகையில் மிகக் குறைவு. கெண்டை, ஹெர்ரிங் போன்றவற்றில் அதைவிட ஐம்பது மடங்குக்கும் மேல் அளந்திருக்கிறார்கள். ஒரே மீனில்கூட வெள்ளைச் சதையில் அதிகம், கருஞ்சதையில் குறைவு. "மீன் கொடுத்துப் பார்த்தோம்" என்ற வாக்கியத்துக்குள் இத்தனை வித்தியாசம் அடங்கியிருக்கிறது.

மருத்துவமனையில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கும் சோதனைக்குத் தேதி கொடுத்தார்கள். உணவு அலர்ஜியில் இதுதான் கடைசித் தீர்ப்பு. அமெரிக்க, ஐரோப்பிய நிபுணர்கள் சேர்ந்து 2012ல் வெளியிட்ட பொது வழிகாட்டுதலில் இருக்கும் படிகள் இவை: 3 மில்லிகிராம் புரதம், பிறகு 10, 30, 100, 300, 1000, 3000. ஒவ்வொரு படிக்கும் நடுவே இருபது, முப்பது நிமிடம். கவனியுங்கள், மில்லிகிராம் கணக்கு உணவுக்கு இல்லை, புரதத்துக்கு. மீன் சதையில் ஐந்தில் ஒரு பங்கு புரதம் என்று வைத்தால் முதல் படி 15 மில்லிகிராம் மீன். ஐந்தாறு கடுகின் எடை. வீட்டுத் தராசில் அது தெரியவே தெரியாது. அதனால் அரைத்துக் கரைத்து, அந்தக் கரைசலில் இத்தனை மில்லி என்று எடுக்க வேண்டும். கரைசலில் சக்கை அடியில் தங்கினால் மேலே எடுத்த முதல் ஸ்பூன் ஒன்று, அடியில் எடுத்த கடைசி ஸ்பூன் வேறொன்று.

இந்த மறைவான வித்தியாசம் என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தில் சௌத்தாம்ப்டன் குழு 2003ல் எழுதிய ஓர் அனுபவத்தை நான் அடிக்கடி நினைப்பேன். வேர்க்கடலைச் சோதனையில் சுவை தெரியாமலிருக்கக் கடலையை வேறோர் உணவுக்குள் ஒளித்துக் கொடுப்பார்கள். அவர்களுடைய செய்முறையில் கொழுப்பு 31.5 சதவீதம். நான்கு பேருக்கு எதிர்பார்த்ததைவிட மோசமான விளைவு வந்தது. முதல் படிகளில் வாய் அரிப்புகூட இல்லாமல் நன்றாகப் போய்க்கொண்டிருந்து, பெரிய அளவு உள்ளே போன பிறகு கடுமையாக வந்தது. கொழுப்பைக் குறைத்த செய்முறையில் மறுபடி சோதித்தபோது, நால்வரில் மூவருக்கு மிகவும் சிறிய அளவிலேயே அறிகுறி தெரிந்துவிட்டது. சராசரியாக 23 மடங்கு குறைந்த கடலையில். இரண்டு செய்முறையிலும் கடலை கணக்குப்படி சரியாகத்தான் போட்டிருந்தார்கள். கொழுப்பு அதைப் பொதிந்து வைத்து, வாய் எச்சரிக்கை கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுக்க விடாமல் செய்துவிட்டது.

கடலையைப் பற்றிச் சொல்லும்போது நம் ஊர் அவித்த கடலை ஞாபகம் வருகிறது. அவிக்கும்போது கடலையின் ஒவ்வாமைப் புரதங்கள் தண்ணீரில் இறங்கிவிடுகின்றன. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2014ல் இதைக் காட்டினார்கள். வறுத்தால் அப்படி இறங்க வழியில்லை. ஆகவே "அவித்த கடலை சாப்பிட்டா ஒண்ணும் ஆகலை" என்று தாய் சொல்வதை வைத்து கடலை மிட்டாயைக் கையில் கொடுத்துவிட முடியாது. பாலிலும் இதே கதைதான். நியூயார்க்கில் 2008ல் வெளியான ஆய்வில், பால் அலர்ஜி உள்ள 100 குழந்தைகளுக்குப் பால் சேர்த்து அடுப்பில் சுட்ட மஃபின் கொடுத்துப் பார்த்தார்கள். 68 பேர் மஃபினைத் தாங்கினார்கள், பாலாகக் கொடுத்தால் தாங்கவில்லை. அந்த மஃபின் எத்தனை டிகிரியில் எத்தனை நிமிடம் சுடப்பட்டது, மாவோடு சேர்ந்து பால் புரதம் எவ்வளவு சிறைப்பட்டது என்பதெல்லாம் அந்த முடிவின் பகுதி. நடு வேகாமல் ஈரமாக இருக்கும் ஒரு மஃபின் வேறு உணவு.

இந்தச் சோதனைகள் ஒரு குழந்தையின் ஃபைலோடு முடிவதில்லை என்பதால் எனக்கு இன்னும் அக்கறை. எந்தப் படியில் யாருக்கு வந்தது என்று பல நாட்டு மருத்துவமனைகளில் சேர்ந்த எண்களை வைத்துத்தான், உலக உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு 2021ல் உணவுகளுக்கு வரம்பு அளவுகளைப் பரிந்துரைத்தது: பால், முட்டை, வேர்க்கடலை, எள் ஆகியவற்றுக்கு 2 மில்லிகிராம் புரதம், மீனுக்கு 5, இறாலுக்கு 200. பாக்கெட்டில் "இருக்கக்கூடும்" என்று எப்போது எழுத வேண்டும் என்ற விவாதம் இந்த எண்களைச் சுற்றித்தான் நடக்கிறது. ஏதோ ஒரு மருத்துவமனைச் சமையலறையில் கிண்ணத்துக்குள் போனது 3 மில்லிகிராம்தானா, 10 மில்லிகிராமா என்ற பிழை கடைசியில் கடையில் இருக்கும் பிஸ்கட் வரை வந்து சேரும்.

மகளின் மீன் சோதனைக்கு டாக்டர் விளமீனைத் தேர்ந்தெடுத்தார். வெள்ளைச் சதை. "தண்ணில போட்டு வேகவெக்காதீங்க, புரதம் தண்ணியோட போயிடும். கிண்ணத்துல வெச்சு ஆவில வேகவெச்சு, ஊறுற சாறையும் சேர்த்து அரைச்சுடுங்க" என்றார். இட்லிப் பானையில் வைத்தோம். அத்தை இந்தத் தடவை மஞ்சளைப் பற்றிப் பேசவே இல்லை. கிண்ணத்தின் அடியில் ஊறிய சாற்றை விரலால் வழித்து மிக்சியில் விட்டார். மருத்துவமனையில் நர்ஸ் அதை எடைபோட்டு, கஞ்சியில் கரைத்து, ஒவ்வொரு தடவையும் கலக்கிவிட்டு சிரிஞ்சால் அளந்து கொடுத்தார். காலை ஒன்பது மணிக்கு முதல் சொட்டு. மகள் ஒவ்வொரு படிக்கும் முகத்தைச் சுளித்தாள், வேறொன்றும் இல்லை. ஐந்தாவது படிக்குப் பிறகு கன்னத்தில் ஒரு சிவப்பு தெரிந்தபோது எனக்கு வயிறு கலங்கியது. அவள் தலையணையில் சாய்ந்து கிடந்த பக்கம் அது, பத்து நிமிடத்தில் மறைந்தது. ஏழாவது படியில் கஞ்சி பெரிய கிண்ணமாக வந்தது. எல்லாம் கூட்டினால் கிட்டத்தட்ட நாலரை கிராம் புரதம், இருபத்திரண்டு கிராம் மீன். இரண்டு மணி நேரம் வைத்திருந்து பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை.

ஃபைலில் டாக்டர் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். "மீன் அலர்ஜி இல்லை" என்று எழுதி முடித்திருப்பார் என்று நினைத்தேன். விளமீன், ஆவியில் வேகவைத்தது, தோல் நீக்கியது, சாறோடு அரைத்தது, மொத்தம் இத்தனை கிராம், தாங்கினாள் என்று எழுதியிருந்தார். கீழே, அடுத்த மாதம் சாளை.

மகள் வீட்டுக்கு வந்ததும் கேட்டது குழம்பு ஊற்றிய மீன். அதற்கும் டாக்டர் சரி சொல்லியிருந்தார், விளமீனாக இருந்தால். இரண்டு துண்டு சாப்பிட்டு முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். அத்தை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து போய் அலமாரியிலிருந்து பிளாஸ்திரிச் சுருளையும் ஸ்கெட்ச் பேனாவையும் எடுத்து வந்து, "சாளைன்னு இப்பவே எழுதி ஒட்டிரவா, இல்ல என்னைக்கு வாங்குறோமோ அன்னைக்கா?" என்று கேட்டார்.